கையில் சீட்டு, கண்ணில் பலகை!

மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அவளுக்கு இது பேறு காலம். "அம்மா, நீ பக்கத்தில் இருந்தால்தான் எனக்குத் தைரியம்" என்று சொல்லிவிட்டாள்.

தாய் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். விமானம் ஏறியதே இல்லை. சென்னையில் இரவு ஏறி, சிங்கப்பூரில் இறங்க வேண்டும். அங்கே மெல்போர்ன் விமானத்துக்கு மாற வேண்டும். துணைக்கு ஆள் இல்லை.

இப்படிப் புறப்படும் தாய்மார்கள் இன்று ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான்.

"அவ்வளவு பெரிய இடத்தில் வழி தவறிவிட்டால்? விமானம் போய்விட்டால்?"

கவலை வேண்டாம்! சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் பெரியதுதான். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

நான்கு கட்டிடங்கள்

1981-ம் ஆண்டில் சாங்கி திறக்கப்பட்டபோது ஒரு கட்டிடம்தான் இருந்தது. 1990-ல் இரண்டாவது வந்தது. 2008-ல் மூன்றாவது. 2017-ல் நான்காவது. இந்தக் கட்டிடங்களை 'டெர்மினல்' என்பார்கள். தமிழில் முனையம்.

ஒரு முனையத்தில் இறங்கி இன்னொரு முனையத்தில் ஏற வேண்டியிருக்கலாம். முதல் மூன்று முனையங்களுக்கும் இடையே சிறு ரெயில் ஓடுகிறது. நான்காவது முனையம் சற்றுத் தள்ளி இருக்கிறது. அதற்கு பஸ் உண்டு. இரண்டுக்கும் காசு கிடையாது.

எழுத்து சொல்லும் வழி

விமானம் ஏறும் வாசலை 'கேட்' என்பார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் உண்டு.

சி, டி என்றால் 1-வது முனையம். இ, எப் என்றால் 2-வது. ஏ, பி என்றால் 3-வது. ஜி என்றால் 4-வது.

"ஏ என்பது முதல் எழுத்து. ஆகவே முதல் முனையம்" என்று நினைத்தால் ஏமாந்து போவோம்!

சீட்டில் வாசல் எண் அச்சாகி இருந்தாலும், இறங்கியதும் அங்குள்ள பெரிய பலகையைப் பார்க்க வேண்டும். வாசல் மாறுவதும் உண்டு.

கடிகாரம் செய்யும் மோசம்

தாய் காலை 6 மணிக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கைக்கடிகாரம் 3.30 என்று காட்டும். அது நம் ஊர் நேரம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது.

அடுத்த விமானம் 9.40-க்கு. "இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறதே" என்று கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? கைக்கடிகாரம் 7.10 காட்டும்போதே விமானம் பறந்துவிடும்!

சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஆகவே இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வாசலில் சோதனை

முதல் மூன்று முனையங்களிலும் கைப்பையைச் சோதிப்பது விமானம் ஏறும் வாசலில்தான். அதற்கும் நேரம் பிடிக்கும். முன்கூட்டியே போய்விடுவது நல்லது. தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் இருந்தால் அங்கே விடமாட்டார்கள். குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலைக் கொண்டு போகலாம்.

'ஜுவல்' என்ற மாளிகையில் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது. பார்க்க ஆசைதான்! ஆனால் அது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. விமானம் மாறுகிறவர்கள் அவசரத்தில் அங்கே போக நினைக்கக் கூடாது.

பெட்டி எங்கே?

இதைச் சென்னையிலேயே கேட்டுவிட வேண்டும். "பெட்டி மெல்போர்ன் வரை போகுமா? நடுவில் நான் எடுக்க வேண்டுமா?" இந்த ஒரு கேள்வி பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

கேட்க வெட்கம் எதற்கு?

வழி தெரியாவிட்டால், ஊழியரிடம் சீட்டை நீட்டினால் போதும். சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. "எந்த வாசலுக்கு அம்மா போகணும்?" என்று தமிழிலேயே கேட்கும் ஊழியரைச் சந்தித்தாலும் ஆச்சரியம் இல்லை.

முனையம், வாசல், நேரம். இந்த மூன்றையும் மறக்காத தாய் அன்று இரவே மகள் பக்கத்தில் இருப்பார்.

விமான நிலையம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கட்டும். நாம் போக வேண்டிய வாசல் ஒன்றே ஒன்றுதான்!