நீச்சல் தெரிந்த பிள்ளையும் ஏரியில் திணறுவது ஏன்? முதல் ஒரு நிமிடத்தின் கதை!

ஏப்ரல் மாதத்துக் காலை. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிறது அல்ஸ்வாட்டர் ஏரி. வெளிப்புறப் பயிற்சிக்கு வந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கரையில் வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் நீங்களும் ஒருவர்.

எதிரே ஓர் ஆரஞ்சு நிற மிதவை. கரையிலிருந்து 200 மீட்டர் இருக்கும். அதைச் சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். 'ப்பூ, இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஊரில் நீச்சல் குளத்தில் தினமும் இதைவிட இரண்டு மடங்கு நீந்துகிறவர்தானே நீங்கள்?

தண்ணீரில் இறங்குகிறீர்கள். இடுப்பு வரை சமாளித்துவிடலாம். நெஞ்சு நனைந்ததும் உங்களைக் கேட்காமலேயே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறது. அடுத்த மூச்சு, அதற்கடுத்த மூச்சு... நிறுத்த முடியவில்லை. இதயம் படபடவென்று அடிக்கிறது. கை வீச நினைக்கிறீர்கள், வீச்சுக்கும் மூச்சுக்கும் ஒத்துப்போகவில்லை. பத்து வருஷம் பழகிய நீச்சல் எங்கே போச்சு?

எங்கும் போகவில்லை. இது 'குளிர் அதிர்ச்சி'. இதைப் புரிந்துகொள்வதுதான் திறந்த நீரில் நீந்தப் போகிறவர்களுக்கு முதல் பாடம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஏப்ரலில் அந்த ஏரித் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழேதான் இருக்கும். நாம் பழகிய நீச்சல் குளம் சுமார் 27, 28 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். 10 டிகிரிக் காற்றில் ஒரு ஸ்வெட்டரோடு நடந்து போய்விடலாம். 10 டிகிரித் தண்ணீர் வேறு சங்கதி.

தோல் சட்டென்று குளிர்ந்ததும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறுகின்றன. கூடவே அந்தப் பெருமூச்சு. அது வரும் நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்று அல்ல, தண்ணீர். குளிர்ந்த நீரில் பலர் மூழ்குவது உடம்பு விறைத்துப்போய் அல்ல, இந்த முதல் சில நிமிடங்களில்தான். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் போன்ற ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருவது இதைத்தான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த அதிர்ச்சி தானாகவே அடங்கிவிடும். பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் அதன் உச்சம் தாண்டிவிடும். அதுவரை நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை, நீந்தாமல் இருப்பது!

ஆமாம், நீந்தக் கூடாது. மல்லாந்து மிதக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் தண்ணீருக்குள் போகும்படி விட்டு, கைகளை லேசாக அசைத்தபடி மூச்சு ஒழுங்காகும்வரை காத்திருக்க வேண்டும். பிரிட்டனின் உயிர்காக்கும் படகுச் சேவையான ஆர்.என்.எல்.ஐ., 'உயிர் பிழைக்க மித' என்ற பிரசாரத்தில் மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

கனடாவின் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் என்ற பேராசிரியர் இதை மூன்று எண்களில் அடக்கிவைத்திருக்கிறார்: 1 - 10 - 1. பனிக்கட்டி போன்ற நீரில் விழுந்தால், மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பது சுமார் 10 நிமிடம். உடம்பின் உள்சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். ஆளுக்கு ஆள், நீருக்கு நீர் இது மாறும். ஆனாலும் வரிசை மாறாது. முதலில் மூச்சு, பிறகு கை கால், கடைசியில்தான் உள்சூடு.

இந்தப் பயிற்சி எப்படி வந்தது?

'சின்னப் பிள்ளைகளைப் போய்க் குளிர்ந்த ஏரியில் இறக்குவானேன்?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் போக வேண்டும்.

அட்லான்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைத் தாக்கி மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். புளூ ஃபன்னல் என்ற கப்பல் நிறுவனத்தை நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டை ஒரு விஷயம் உறுத்தியது. உயிர்காப்புப் படகுகளில் தத்தளிக்கும்போது, வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள். திடகாத்திரமான இளம் மாலுமிகள் சீக்கிரம் துவண்டுபோகிறார்கள். உடம்பு பலம் மட்டும் போதவில்லை. கஷ்டத்தைப் பார்த்த அனுபவமும், பதறாத மனசும் வேண்டியிருந்தது.

ஜெர்மனியிலிருந்து வெளியேறி பிரிட்டனுக்கு வந்திருந்த கல்வியாளர் குர்ட் ஹானும் ஹோல்ட்டும் சேர்ந்து, 1941-ல் வேல்ஸ் நாட்டின் ஆபர்டோவியில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதுதான் 'அவுட்வர்ட் பவுண்ட்'. இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அல்ஸ்வாட்டர் கரையிலும் அதற்கு ஒரு மையம் உண்டு.

ஆகவே, இந்தப் பயிற்சி பிறந்தது மெடல் வாங்குவதற்காக இல்லை. பயம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாதுகாப்பான இடத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போதே பழகிக்கொள்வதற்காக.

குளம் வேறு, ஏரி வேறு!

சரி, மூச்சு அடங்கியாச்சு. இனி நீந்தலாம். இங்கேயும் சில விஷயங்கள் புதுசு.

குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நேராகப் போய்விடலாம். ஏரியில் கோடு கிடையாது. கீழே பார்த்தால் பச்சையும் கறுப்புமாக இருட்டுதான். அதனால் ஆறேழு வீச்சுக்கு ஒரு தரம், முதலை மாதிரி கண்களை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து திசை பார்க்க வேண்டும். மிதவையைப் பார்ப்பதைவிட, அதற்குப் பின்னால் தெரியும் மலையுச்சியையோ உயரமான மரத்தையோ குறிவைப்பது சுலபம். அலை எழும்பினால் மிதவை மறைந்துவிடும், மலை மறையாது.

தூரமும் கண்ணை ஏமாற்றும். குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு தரம் சுவரை உதைத்துத் திரும்புகிறோமே, அந்த உந்துதல் இங்கே இல்லை. பிடித்துக்கொள்ள விளிம்பும் இல்லை. எதிர்க்காற்று அடித்தால் 200 மீட்டர் நீந்துவதற்குள் மூச்சு வாங்கும்.

குழுவாக நீந்தும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. இளவட்டங்கள் 'எனக்கு முடியல' என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். நண்பர்கள் முன்னால் மானம் போய்விடுமே! அதனால், சொல்லாமலே கண்டுபிடிக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டிரண்டு பேராக ஜோடி பிரிப்பார்கள். ஜோடியைவிட்டு விலகக் கூடாது. ஆளுக்கொரு பளிச்சென்ற தொப்பி, இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் காற்றடைத்த மிதவை. பக்கவாட்டில் கயாக்கில் பயிற்சியாளர் வருவார். கையை உயர்த்தினால் 'உதவி வேண்டும்' என்று அர்த்தம். இருப்பதிலேயே மெதுவாக நீந்துகிறவரின் வேகம்தான் மொத்தக் குழுவுக்கும் வேகம்.

ஜோடியில் இருப்பவர் அவ்வப்போது சாதாரணக் கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" போதும். பதில் குழறலாக வந்தாலோ, சம்பந்தமில்லாமல் வந்தாலோ, உள்சூடு இறங்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் தண்ணீருக்குள்ளேயே நின்றுபோனால் 'பழகிட்டான்' என்று நினைத்துவிடாதீர்கள். அது உடம்பு தோற்கத் தொடங்கும் அறிகுறி. உடனே வெளியே கொண்டுவர வேண்டும்.

தவறினால்?

1993 மார்ச் 22. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடா. பிளிமத்திலிருந்து வந்த பள்ளி மாணவர்கள் 8 பேர், அவர்களின் ஆசிரியர் ஒருவர், பயிற்சியாளர்கள் 2 பேர் சிறிய கயாக்குகளில் கிளம்பினார்கள். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டிய பயணம் அது.

ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவரோடு நின்றுவிட, மற்றவர்களைக் காற்று நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. அலையில் கயாக்குகள் நிரம்பி ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. கரைக்குத் தகவல் சொல்ல அவர்களிடம் தீப்பொறிச் சைகை சாதனம்கூட இல்லை. பயிற்சியாளர்களுக்கோ அந்தக் கடலுக்குத் தேவையான தகுதி இல்லை. கடலோரக் காவல் படைக்குத் தகவல் போகவும் தாமதம். மணிக்கணக்கில் குளிர்ந்த நீரில் கிடந்த மாணவர்களில் 4 பேர் இறந்துபோனார்கள்.

இன்னொரு கொடுமை, பாதுகாப்பு சரியில்லை என்று முன்னாள் பயிற்சியாளர்கள் அந்த மையத்துக்கு முன்பே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். 1994-ல் அந்த மையத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்த பிள்ளைகளின் பெற்றோர் விடாமல் போராடினார்கள். 1995-ல் சிறுவர்களுக்கான சாகசப் பயிற்சி மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது.

கடல் அன்றைக்கு மட்டும் விசேஷமாகக் கொந்தளித்துவிடவில்லை. 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

நம்ம கடலில் குளிர் இல்லையே?

உண்மைதான். நம் கடலில் குளிர் அதிர்ச்சி பெரிய பிரச்னை இல்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் பாக் நீரிணையைத் தமிழகத்துப் பிள்ளைகள் பலர் நீந்திக் கடந்திருக்கிறார்கள். 1994-ல் குற்றாலீஸ்வரன் கடந்தபோது அவருக்கு 12 வயதுதான். அங்கே எதிரி நீரோட்டம், ஜெல்லி மீன், வெயில், உப்பு உராய்ந்து புண்ணாகும் தோல். கூடவே படகு வரும், பயிற்சியாளர் இருப்பார், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் குடிக்கக் கொடுப்பார்கள்.

கரையோரத்தில் குளிப்பவர்களுக்கு ஆபத்து, கடலை நோக்கி இழுக்கும் 'ரிப் கரன்ட்'. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் ஒலிம்பிக் வீரருக்கும் மூச்சு முட்டும். பதறாமல் மிதந்து, கைகாட்டி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். பாருங்கள், இங்கேயும் முதல் பாடம் அதேதான். முதலில் மித, அப்புறம் நீந்து!

கரைக்கு வந்த பிறகும் கவனம்!

குளிர்ந்த நீரிலிருந்து வெளியே வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இல்லை. கை கால்களில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் திரும்ப ஓடத் தொடங்குவதால், கரையேறிய பிறகும் கொஞ்ச நேரம் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தவர் பத்து நிமிடம் கழித்துக் கிடுகிடுவென நடுங்குவது இதனால்தான்.

உடனே ஈர உடையைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த உடைகளை அடுக்கடுக்காகப் போட வேண்டும். தலைக்குக் குல்லாய், குடிக்க வெதுவெதுப்பாக, இனிப்பாக ஏதாவது. சுடுதண்ணீரில் குளிப்பதும், கை கால்களைப் பரபரவெனத் தேய்ப்பதும் வேண்டாம். மயக்கம் வரலாம்.

பெற்றோர் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

கோடை விடுமுறையில் உங்கள் பிள்ளையும் 'கேம்ப்புக்குப் போறேன், அங்க ஏரியில நீச்சலாம்' என்று வந்து நிற்கலாம். பயந்து தடுக்க வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்:

1. தண்ணீரில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பயிற்சியாளர்கள்? உயிர்காப்புப் பயிற்சி, முதலுதவிச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது?

2. கூடவே படகோ கயாக்கோ வருமா? படகில் ஏறும் எல்லோருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் உண்டா?

3. இறங்குவதற்கு முன் மிதக்கப் பழக்குவார்களா?

4. ஏதாவது ஆகிவிட்டால் யாருக்கு போன் போகும்? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

5. காற்றோ மழையோ வந்தால் நிறுத்துவது யார் முடிவு? கடைசியாக எப்போது நிறுத்தினார்கள்?

ஐந்தாவது கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். "நாங்க நிறுத்தினதே இல்லை சார்" என்று பெருமையாகச் சொல்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். "போன மாசம் காத்து அதிகமா இருந்துச்சு, இறக்கல" என்று சொல்கிற இடம் நல்ல இடம்.

பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். "பாதியிலேயே திரும்பி வந்தாலும் பரவாயில்லை, கையைத் தூக்கக் கூச்சப்படாதே." அதை வீட்டிலேயே கேட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு, தண்ணீரில் கையைத் தூக்குவது சுலபமாக இருக்கும்.