வெளிநாட்டுக்கு நர்சு வேலைக்கு போவது எப்படி? ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் உஷார்

மகள் நர்சிங் முடித்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "வெளிநாடு போக எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நகையை அடகு வைத்து, வீட்டு பத்திரத்தை கொடுத்து லட்சக்கணக்கில் கட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆனால் சட்டப்படி ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் ரூ.30 ஆயிரம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.35 ஆயிரத்து 400. அவ்வளவுதாங்க!

2015-ல் கொச்சியில் சி.பி.ஐ. பதிவு செய்த வழக்கில், குவைத் வேலைக்கு ரூ.19 ஆயிரத்து 500 வாங்க வேண்டிய தனியார் ஏஜென்சி, ஆளுக்கு ரூ.19½ லட்சம் வாங்கியதாக புகார் எழுந்தது.

அனுபவம் முக்கியம்

படித்த கையோடு விமானம் ஏறி விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வளைகுடா ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் 2 வருட அனுபவம் கேட்கின்றன. (வேலையை விடும்போது அனுபவ சான்றிதழ் தராமல் இங்குள்ள சில தனியார் ஆஸ்பத்திரிகள் இழுத்தடிப்பது தனிக்கதை.)

அடுத்து 'டேட்டாபுளோ' என்ற சரிபார்ப்பு. உங்கள் கையில் உள்ள சான்றிதழை மட்டும் பார்த்து விட்டுவிட மாட்டார்கள். கல்லூரி, ஆஸ்பத்திரி, கவுன்சில் என்று நேரடியாக கேட்டு விடுவார்கள். போலி அனுபவ சான்றிதழ் இங்கேதான் மாட்டும். சவுதிக்கு 'புரோமெட்ரிக்' தேர்வும் உண்டு. இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கில தேர்வில் தேற வேண்டும்.

விசிட் விசா வேண்டாம்

வளைகுடா உள்பட 18 நாடுகளுக்கு செல்லும் நர்சுகள் அனைவருக்கும் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்று மத்திய அரசு 2015-ல் அறிவித்தது. "விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் இந்த அனுமதியை ஏமாற்றி அனுப்புகிறார் என்று அர்த்தம். அங்கே சம்பளம் தராவிட்டால் கேட்பதற்கு கையில் ஒப்பந்தம்கூட இருக்காது.

2014-ல் ஈராக்கின் திக்ரித் நகரில் 46 இந்திய நர்சுகள் தீவிரவாதிகளிடம் சிக்கினார்கள். தூத்துக்குடி பெண் ஒருவரும் அதில் உண்டு. மீட்கப்பட்டு ஜூலை 5-ந்தேதி கொச்சி வந்து சேர்ந்தபோது பலருக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. ஊரிலோ, போவதற்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது.

தமிழக அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நர்சுகளுக்கு அங்கு அவ்வப்போது ஆள் எடுக்கிறார்கள். தனியார் ஏஜெண்டுதான் என்றால், அவரது லைசென்ஸ் எண்ணை மத்திய அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் போட்டு பாருங்கள். பெயர் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.