வெளிநாட்டுக்குக் கிளம்பும் சிறுவர் கால்பந்து அணிகள்: டூர் போனால் கிளப்பில் இடம் கிடைக்குமா?

ஜப்பானைச் சேர்ந்த டகேஃபுசா குபோவுக்கு அப்போது 8 வயது. 2010 ஏப்ரலில், பார்சிலோனா கிளப்பின் கால்பந்துப் பள்ளி அணியோடு பெல்ஜியத்துக்குப் போய் ஒரு சிறுவர் தொடரில் ஆடினார். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டே தேர்வில் வென்று, மெஸ்ஸி வளர்ந்த லா மாசியா அகாடமிக்குள் நுழைந்தார்.

பிள்ளையை வெளிநாட்டுப் பயிற்சிப் பயணத்துக்கு அனுப்ப நினைக்கும் எந்தப் பெற்றோருக்கும் ஆசையைக் கிளப்பும் கதை இது. ஆனால், இதன் இரண்டாம் பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. 18 வயது நிரம்பாத வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் நடந்ததாக 2014இல் பார்சிலோனாவுக்கு ஃபிஃபா தடை விதித்தது. அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் ஆட முடியாமல் போன குபோ, 2015இல் ஜப்பானுக்கே திரும்பினார்.

அந்த விதி என்ன சொல்கிறது?

வீரர்களின் பதிவு, இடமாற்றம் தொடர்பான ஃபிஃபா ஒழுங்குமுறைகளின் 19ஆவது பிரிவுதான் அது. 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றக் கூடாது என்பது அடிப்படை. சில விதிவிலக்குகள் உண்டு. கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக, உதாரணமாக வேலைக்காக, பெற்றோர் அந்த நாட்டில் குடியேறியிருந்தால் பிள்ளை அங்கே சேரலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம். இந்தியாவிலிருந்து 10 நாள் டூர் போகும் 14 வயதுப் பையனுக்கு இவை எதுவும் பொருந்தாது.

"ஏன், மெஸ்ஸி 13 வயசுல போகலையா?" என்று உடனே கேட்பார்கள். மெஸ்ஸி அர்ஜென்டினாவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போனது 2000இல். சிறார் பாதுகாப்பு விதி வந்தது 2001இல். கிளப்பில் சேர்த்துவிடுவதாக ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகப்பட்ட ஏழை நாட்டுச் சிறுவர்கள், தேர்வாகாதபோது கையில் காசும் கூட ஆளும் இல்லாமல் நடுத்தெருவில் விடப்பட்டார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த விதி.

அப்படின்னா பயணமே வீணா?

இல்லை. எதற்காகப் போகிறோம் என்பதில்தான் விஷயம். பஞ்சாபின் மொஹாலியில் இயங்கும் மினெர்வா அகாடமியின் சிறுவர் அணி, 2025 ஜூலை, ஆகஸ்டில் ஸ்வீடனின் கோதியா கோப்பை, டென்மார்க்கின் டானா கோப்பை, நார்வே கோப்பை மூன்றையும் அடுத்தடுத்து வென்றது. 26 ஆட்டங்கள், 295 கோல்கள். ஊரில் ஒரு சிறுவர் அணிக்கு இத்தனை ஆட்டங்கள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். அதுவும் ஒவ்வொரு நாட்டு அணியும் ஒவ்வொரு பாணியில் ஆடும். இதுதான் இப்படிப்பட்ட பயணத்தின் உண்மையான லாபம். சொகுசை எதிர்பார்க்க வேண்டாம். 1975 முதல் கோத்தன்பர்க்கில் நடக்கும் கோதியா கோப்பையில் ஏராளமான அணிகள் பள்ளி வகுப்பறைகளில் மெத்தை விரித்துத்தான் தூங்குகின்றன.

மேட்ச் பார்க்க எப்போது போகலாம்?

டூர் விளம்பரங்களில் பலரும் கவனிக்காத இடம் இது. ஸ்பெயின், இங்கிலாந்து லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிந்துவிடும். ஜூனில் போனால் காலி ஸ்டேடியத்தையும் அருங்காட்சியகத்தையும் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்றால் லீக்கின் இறுதிக்கட்ட ஆட்டங்கள் கிடைக்கும். ஸ்வீடன், நார்வேயில் நிலைமை தலைகீழ். குளிர் காரணமாக அங்கே வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை லீக் நடக்கும். ஜூலையில் போனாலும் ஆட்டம் பார்க்கலாம்.

நேரில் பார்ப்பதில் ஒரு பாடம் இருக்கிறது. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். ஸ்டேடியத்தில் மொத்த மைதானமும் கண்ணுக்குத் தெரியும். தன்னுடைய இடத்தில் ஆடும் ஒரே ஒரு வீரரை 15 நிமிடம் மட்டும் கவனித்தால் போதும். பந்து காலில் இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார், எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்பது பையனுக்குப் புரிந்துவிடும்.

கிளப் பெயர் போட்ட முகாம் என்றால்?

பெரிய கிளப்புகளின் பெயரில் நடக்கும் கட்டண முகாம் வேறு, அந்த கிளப்பின் அகாடமி வேறு. முகாமில் பெரும்பாலும் பணம் கட்டிய எவரும் சேரலாம். சான்றிதழ், ஜெர்சி, போட்டோ கிடைக்கும். நல்ல பயிற்சியும் கிடைக்கலாம். ஆனால், அந்தச் சான்றிதழ் தேர்வுக் கடிதம் ஆகாது.

விசாவுக்கு என்ன தேவை?

ஸ்பெயின், ஸ்வீடன், டென்மார்க், நார்வே எல்லாமே ஷெங்கன் நாடுகள். ஒரே விசா போதும். இங்கிலாந்துக்குத் தனி விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூன் முதல் 12 வயது ஆனவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். சிறுவர்களுக்குப் பொதுவாகப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் கேட்பார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* எத்தனை ஆட்டங்கள், யாரோடு, எந்தத் தொடரில்? தொடர் அமைப்பாளர்களிடம் அணியின் பெயர் பதிவாகியிருக்கிறதா?
* பயிற்சி தருபவர் யார்? கிளப்பின் ஊழியரா, பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்த நிறுவனமா?
* பிள்ளைகளோடு தங்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்?
* அடிபட்டால் யார் பொறுப்பு? காப்பீடு விளையாட்டுக் காயத்துக்கும் பொருந்துமா?
* "கான்ட்ராக்ட் வாங்கித் தர்றோம்" என்று சொல்பவருக்கு ஃபிஃபா ஏஜென்ட் உரிமம் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

குபோவின் கதைக்கு மூன்றாம் பாகமும் உண்டு. ஜப்பான் திரும்பிய அவர் எஃப்சி டோக்கியோவில் சேர்ந்து, உள்ளூரிலேயே ஆடி வளர்ந்தார். 2019 ஜூனில் 18 வயது நிரம்பியது. அதே மாதம் ரியல் மாட்ரிட் அவரை ஒப்பந்தம் செய்தது.