புல்லட்டா, ஜாவாவா?

மோட்டார் சைக்கிள் வாங்க விழைவோர் அதன் வேகத்தைக் கேட்கின்றனர், விலையைக் கேட்கின்றனர். மலையிலிருந்து இறங்கும்போது அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்று கேட்போர் மிகச் சிலரே. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பத்தினர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே என்பது நம் கருத்து.

வலிமை மிக்க வண்டி என்றதும் நம்மவர் நாவில் வரும் பெயர்கள் இரண்டு. ஒன்று கிழக்கிலிருந்து வந்தது. மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் 1955-இல் கூடி அமைத்த என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கியது. மற்றொன்று மேற்கிலிருந்து வந்தது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டு ஜாவாவை, 1960-களின் தொடக்கம் முதல் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் செய்துவந்தது. அதுவே பின்னர் யெஸ்டி எனப் பெயர் பெற்றது; 1996-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பெற்றது.

பழைய வண்டிகளாக இவ்விரண்டையும் தேடி வாங்கும் ஆர்வம் இளைஞரிடையே இன்றும் குன்றவில்லை. ஆகவே இவற்றின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

பழைய புல்லட் 346 சி.சி. கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி, எடை மிக்கது. அம்மீட்டர் முள் நடுவில் நிற்கும்வரை பொறுத்து, பின்னரே உதைக்க வேண்டும். அவசரக்காரரின் காலை அது திருப்பி உதைத்துவிடும். ஜாவாவோ 250 சி.சி. வகையைச் சேர்ந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. எடை குறைந்தது, எளிதில் கிளம்புவது. கியர் மாற்றும் கோலே உதைகோலாகவும் பயன்படும் புதுமை அதற்கு உண்டு.

சமவெளியில் இரண்டும் இனியவையே. மலைச்சரிவில்தான் வேற்றுமை வெளிப்படும். 1944-இல் திறக்கப்பெற்ற திருமலையின் முதல் மலைப்பாதையில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. 1974-இல் இரண்டாம் பாதை ஏற்பட்டபின், பழைய பாதை இறங்குவோர்க்கு உரியதாயிற்று. இத்தகைய இறக்கத்தில் புல்லட்டைத் தாழ்ந்த கியரில் விட்டால், இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்குச் சுமை குறையும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்பிடிப்பு குறைவு. மேலும், ஜாவாவில் பெட்ரோலோடு கலந்த எண்ணெயே இயந்திரத்தை வழவழப்பாக்குகிறது. நெடுநேரம் ஆக்ஸிலேட்டரை மூடியபடி இறங்கினால் பெட்ரோலோடு எண்ணெயும் நின்று, பிஸ்டன் இறுகிப்போகலாம். இடையிடையே சிறிது திறந்து மூடுவதே அறிந்தோர் வழக்கம்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும், பின் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. ஜாவாவில் இது நேர்மாறு. இன்றைய வண்டிகளும் ஜாவாவைப் போன்றவையே. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறினால், நெருக்கடி வேளையில் கால் பழைய பழக்கத்தையே நாடும். ஆதலால் ஒரே வண்டியை அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஓட்டும் வீட்டில், இதைச் சொல்லிக்கொடாமல் சாவியைத் தருதல் ஆகாது.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான வண்டியை ஆந்திரத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்போர் அங்குப் புதிய பதிவெண் பெறவேண்டும். மலைப்பாதையில் பழைய வண்டிகளுக்குள்ள கட்டுப்பாடுகளை, புறப்படுமுன்னரே தேவஸ்தானத்தாரிடம் கேட்டறிதல் நன்று.

2018-இல் ஜாவா மீண்டும் விற்பனைக்கு வந்தது. இன்றைய ஜாவாவும் புல்லட்டைப் போல ஃபோர்-ஸ்ட்ரோக்கே. ஆகவே புதிது வாங்குவோர்க்குப் பழைய வேற்றுமைகள் பெரிதும் இல்லை. அவர்கள் பார்க்கவேண்டியவை, ஓட்டுபவரின் உயரமும் உடல் வலிமையும், அருகில் நல்ல மெக்கானிக் உண்டா என்பதுமே.

வெளியூரில் உழைத்து, ஊரிலுள்ள தம்பிக்கு வண்டி வாங்கப் பணம் அனுப்பும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: எது பெரியது என்று கேளாதீர்கள். பின்னால் தாயை அமர்த்தி மலையிறங்க அவனால் எதனை அடக்கி ஓட்ட இயலும் என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் விடையே உங்கள் வண்டி.