காலுக்குத் தெரியாத பிரேக்

காரில் பிரேக் எண்ணெய் கசிந்தால் மிதி தொளதொளவென்று இறங்கும். ஓட்டுபவருக்கு உடனே உறைத்துவிடும். லாரியின் ஏர் பிரேக்கில் அந்த வசதி இல்லை. அங்கே கால் செய்வது ஒரு வால்வைத் திறப்பது மட்டுமே. சக்கரத்தை நிறுத்துவது டேங்கில் அடைபட்ட காற்று. லைனிங் தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருந்தாலும் மிதி வழக்கம்போலத்தான் இருக்கும். ஆகவே வண்டியை எடுக்குமுன் காதும் கண்ணும்தான் சோதிக்க வேண்டும்.

என்ஜின் ஓடினால் காற்று ஏறும். காற்றழுத்தமானியின் முள் ஏறக்குறைய 8 பாரைத் தொட்டதும் 'புஸ்' என்று ஒரு சத்தம். போதுமான காற்று ஏறிவிட்டது. இனி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முள் முதலில் சற்று இறங்குவது இயல்பு. அதன்பிறகும் கால் பாருக்குமேல் இறங்கினால் எங்கோ கசிவு. அமெரிக்காவில் லாரி உரிமத் தேர்விலேயே இதைச் செய்துகாட்ட வேண்டும். அடுத்து, மிதியை விட்டு விட்டு அழுத்தினால் காற்று குறைந்துகொண்டே வரும். 4 பார் வாக்கில் எச்சரிக்கை மணி அலற வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கில் எல்லாம் தலைகீழ். பிடிப்பது சுருள்வில்; காற்று அதை அமுக்கிவைத்திருக்கிறது. காற்று போனால் வில் விரிந்து சக்கரத்தைக் கவ்வும். காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற இந்த யோசனையை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872லேயே ரயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

காற்று டேங்கின் அடி வால்வைத் திறந்து, அதில் தேங்கிய தண்ணீரை வடிப்பது சின்ன வேலை, தவறவிடுவதும் அதைத்தான்.

மிக முக்கியமானது வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஒருவர் மிதிக்க, மற்றவர், லைனிங்கை டிரம்மோடு அழுத்தவைக்கும் புஷ் ராட் எவ்வளவு வெளியே வருகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு அளக்க வேண்டும். தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப மிதிக்க, டிரம் சூடேறி விரிகிறது. லைனிங் அதைத் தொட ராட் இன்னும் தூரம் போயாக வேண்டும். காலையில் சமதரையில் ராட் ஏற்கெனவே கடைசி எல்லையை நெருங்கியிருந்தால், மலைச்சரிவில் அதற்கு மிச்சம் இருக்காது. டேங்க் நிறையக் காற்று இருந்தும் பிரேக் பிடிக்காது. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் டிரம்மை இன்னும் சீக்கிரம் சுடவைக்கிறார்கள்.

லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் ராட் அதிகம் வந்தால், ஸ்பேனரால் முறுக்கிவிட்டுக் கிளம்பக் கூடாது. அட்ஜஸ்டரோ வேறு பாகமோ கெட்டிருக்கிறது. வண்டி பட்டறைக்குத்தான் போக வேண்டும்.