புத்தகம் கிடைத்தால் மார்க் கூடுமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நமக்கு விலையில்லாப் பாடநூல் கொடுக்கிறார்கள். புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டீர்கள். எங்க அம்மா மேல் வகுப்பு அக்காவிடம் பாதி விலைக்குப் பழசு வாங்கித்தான் படித்தாங்களாம். கணக்குப் புத்தகத்தில் கடைசி இரண்டு பாடம் கிழிந்து போயிருந்ததால், பரீட்சையில் அந்தக் கணக்குகளை அப்படியே விட்டுட்டு வந்தாங்களாம். அதனால் புத்தகம் கிடைத்தாலே மார்க் தானாக வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்க டீச்சர் வேறு மாதிரி சொன்னாங்க. ஆப்பிரிக்காவில் கென்யா என்று ஒரு நாடு. அதன் மேற்குப் பக்கம் கிராமங்களில் அந்தக் காலத்தில் பெரும்பாலான பிள்ளைகளிடம் பாடப் புத்தகமே இருக்கவில்லை. 1996-ல் அங்கே 100 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, அதில் 25 பள்ளிகளுக்கு மட்டும் முதலில் புத்தகம் இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு, கொடுத்த பள்ளி மார்க்கையும் கொடுக்காத பள்ளி மார்க்கையும் ஒத்துப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் மைக்கேல் கிரேமர். 2019-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான்.

சராசரி மார்க் கூடவே இல்லை! ஏற்கனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் கூடியிருந்தது. ஏன் தெரியுமா? புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அங்கே நிறையப் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசுவது ஒரு பாஷை, அடுத்தது சுவாஹிலி, இங்கிலீஷ் மூன்றாவது. கையில் புத்தகம் இருந்தும் வாசிக்க முடியவில்லை.

எனக்கு உடனே என் தம்பி ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். புத்தகத்துக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, கசங்காமல் வைத்திருக்கிறான். வாசிடா என்றால் படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறான். காலாண்டுத் தேர்வில் அறிவியலில் 17 மார்க்தான். அம்மா அடிக்கவில்லை, ஆனால் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையனிடம் தமிழ் மீடியம் புத்தகத்தை இரவல் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்று நாளாக 'எவாபரேஷன், எவாபரேஷன்' என்று உருப்போட்டவன், ஆவியாதல் என்று வாசித்ததும், "அட, கொடியில துணி காயுறதா அக்கா?" என்று கேட்டான்.

இதைப் படித்துவிட்டு, இலவசமே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். எங்க அம்மா புத்தகத்தில் கிழிந்த பக்கத்தை யார் கொடுப்பது?

இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு. போன வருஷம் ஆறாவது முடித்தவர்கள் தமிழ் மீடியம் அறிவியல் புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போடாமல் வைத்திருந்தால் எனக்குக் கொடுங்கள். இரண்டு வேண்டும். ஒன்று தம்பிக்கு, இன்னொன்று அவன் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மூன்றாவது பெஞ்சு