முதுகில் எடுக்கும் சில துளிகள்

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு வலிப்பு வந்து, பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் போனால், சென்னை எண்ணூர்க்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே மருத்துவர்கள் செய்ய விரும்பும் முக்கியமான பரிசோதனை, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பது.

மூளையைச் சூழ்ந்திருக்கும் அதே நீர்தான் அது. நலமாக இருப்பவரிடம் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் ஐந்துக்கு மேல் இருப்பதில்லை. வைரஸ் நுழைந்தால் அந்த எண்ணிக்கை பத்துகளாக, நூறுகளாக ஏறும். பெரும்பாலும் லிம்போசைட்டுகள் என்னும் வகை, சர்க்கரை அளவு குறையாது. பாக்டீரியா என்றால் நியூட்ரோஃபில்கள் என்னும் வேறு வகை திரளும், சர்க்கரை சரியும். காசநோயில் லிம்போசைட்டுகளும் இருக்கும், சர்க்கரையும் குறையும்.

எந்த வைரஸ்? ஹெர்பிஸ் என்றால் அதன் மரபணுவையே பிசிஆர் பரிசோதனை காட்டிவிடும். 1955-இல் வேலூர்ப் பகுதியில் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அப்படிச் சிக்காது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் வைரஸ் பெரும்பாலும் இருக்காது. அதனால் அதை எதிர்த்து உடல் செய்த ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள். ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு அது. ரத்தத்திலிருந்து மூளைத் தடுப்பைத் தாண்டி எளிதில் கசியாது. தண்டுவட நீரில் அது மிகுந்திருந்தால், நோயெதிர்ப்பு அணுக்கள் உள்ளேயே வந்து அதைச் சுரக்கின்றன என்று பொருள். எவ்வளவு நேர்த்தியான தடயம்! ஆனால் காய்ச்சலின் முதல் சில நாட்களில் அது தென்படாமலும் போகலாம்.

இன்னொரு சிக்கல் டெங்கு. இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றதிலும் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலந்தோறும் டெங்கு பரவும் ஊரில் இது சின்னக் குழப்பமல்ல. எதிர்ப்பொருளை விட்டு, நோயெதிர்ப்பு அணுக்களில் ஒருவகையான டி அணுக்களைப் பார்த்தால் உதவுமா? பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் பங்கேற்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயே வெளித்தெரியாமல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தொற்றைக் கடந்தவர்களிடம் டெங்குவையும் அடையாளம் காணும் சிடி8 வகை டி அணுக்கள் மேலோங்கியிருந்தன. மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவர்களிடம் சிடி4 வகை. வைரஸின் துண்டுகளைக் காட்டி, அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா சுரக்கின்றனவா என்று பார்க்கும் இந்த வழி, காசநோய்த் தொற்றைக் கண்டறிய ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மூளைக்காய்ச்சலுக்கு இன்னும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது.

முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில் பலர் மறுத்துவிடுகிறார்கள். தண்டுவடம் முடிந்த பிறகு, இடுப்புக்கு அருகில்தான் ஊசி இறங்குகிறது. மருத்துவர் கேட்டால், தயவுசெய்து சம்மதியுங்கள்.